சலவை அக்கா கழுவிக் கொன்ற நொதி

சலவை அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரால் அவரை அழைப்பதில்லை. ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் காவலாளிக்கும் அவர் சலவை அக்காதான், ஆய்வகத் தலைவருக்கும் அவர் சலவை அக்காதான். இத்தனைக்கும் தலைவர் அவரைவிட மூத்தவர். ஒருநாள் அக்கா அவருடைய மேசையைத் துடைத்து, துணியில் வந்த கறுப்பை அவருக்கே காட்டினார். அன்றைக்கு வந்த மரியாதை.

குடுவையைக் கழுவுவார். கழுவியதைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்து வைக்கும்போது கை பட்டுவிட்டதே என்று மறுபடி கழுவுவார். அடுத்த நாள் எடுக்கும்போது, இரவெல்லாம் சும்மா இருந்த குடுவை என்னென்ன செய்ததோ என்று இன்னொரு தடவை கழுவுவார். சாப்பாட்டுப் பொருள் எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று ஆய்வகக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. அதை எழுதியவர் அவர். எழுத்து அழிந்துபோகும் அளவுக்கு அதைத் துடைத்தவரும் அவர்.

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில் ஒரு மாலை, மனிதர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த புது மனைவி கண்ணாடியை வாங்கினார், குழாயடிக்குப் போனார், வந்தார், மாட்டிவிட்டார். "அன்னைக்குத்தான் இவ முகத்த முழுசா பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்கு இந்த வீட்டுல பேச்சே வரல" என்று அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. பேச்சே வராதவர் இதை எல்லா வாடிக்கையாளர்களிடமும் சொல்கிறார்.

அக்காவின் நாக்கும் அதே சோப்பில் கழுவியதுதான். பொய் வராது. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் உலகத்தில் எல்லோரும் என்ன சொல்வார்கள்? தங்கம், வைரம், அப்படியே அப்பா ஜாடை. அக்கா துணியை விலக்கி நிதானமாகப் பார்த்துவிட்டு, "சுமார்தான். போகப் போகத் தேறலாம்" என்பார். சொந்தத்தில் நாலைந்து வீடுகளில் அவருக்கு நாற்காலி போடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி மிச்சம். அக்காவுக்கு அதுவும் வருத்தமில்லை, அந்த நாற்காலிகளின் சுத்தத்தைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது.

இப்படிப்பட்டவர் செய்யும் வேலை என்ன தெரியுமா? கழுவுவதுதான். கழுவுவதற்கே படித்து, பட்டம் வாங்கி, சம்பளமும் வாங்குகிறார். அவர் கழுவும் பொருள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம் தசைக்குள் ஒரு என்சைம் இருக்கிறது. பாடப்புத்தகம் அதை நொதி என்று எழுதும். கையை மடக்கும்போது தசைக்குள் கால்சியம் கொட்டுகிறது. நீட்ட வேண்டுமானால் அந்தக் கால்சியத்தை வாரி மறுபடி அதன் பைக்குள் அடைக்க வேண்டும். அடைக்கிற பம்ப்தான் இந்த நொதி. இது தூங்கிவிட்டால் கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றுபோகும். சில பேருக்குப் பதவி கிடைக்கும்வரை அப்படி நின்றிருக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் கால்சியம் இல்லை.

இந்தப் பம்ப் குடியிருப்பது பையின் சுவரில். சவ்வு என்று பெயர். சவ்வு முழுக்கக் கொழுப்பு. தலையை வெளியேயும் வாலை உள்ளேயும் வைத்து இரண்டு வரிசையாக நெருக்கியடித்து நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகள். பாடப்புத்தகப் படத்தில் நொதியை உருளைக்கிழங்கு மாதிரி பெரிதாக, வண்ணம் அடித்துப் போட்டிருப்பார்கள். கொழுப்பையோ இரண்டு வால் வைத்த தீக்குச்சிகளாக, ஒன்றைப் போல இன்னொன்றாக, வரைபவருக்குக் கை வலிக்கும்வரை வரைந்திருப்பார்கள். மேடையில் தலைவரைப் பார்க்கிறவன் பின்னால் நிற்கிற கூட்டத்தை எண்ணுவானா? நாமும் கிழங்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அக்காவும் அப்படித்தான் புரட்டியிருந்தார்.

அவருடைய வேலை, முயல் தசையிலிருந்து அந்தக் கிழங்கை மட்டும் தனியாக எடுப்பது. கொழுப்புக்குள் புதைந்து கிடப்பது தண்ணீருக்கு வராது. அதனால் டிட்டர்ஜென்ட் போட வேண்டும். பாத்திரம் விளக்கும் திரவத்துக்குப் படித்த தம்பி ஒருவன் இருந்தால் எப்படி இருப்பான், அதுதான் இது. கொழுப்பைக் கரைத்து நொதியை வெளியே இழுக்கும். இழுத்ததை ஒரு கண்ணாடிக் குழாயில் பிசின் மணிகள்மேல் பிடித்துவைத்து, மறுபடி டிட்டர்ஜென்ட் ஊற்றி மூன்று தடவை கழுவ வேண்டும். செய்முறையில் அப்படித்தான் இருக்கிறது. செய்முறையை எழுதியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு பரீட்சை. ஒரு சோதனைக் குழாயில் நொதிக்குத் தீனியாக ஏ.டி.பி. கொடுப்பார்கள். உயிரோடு இருந்தால் அதைக் கடித்து ஒரு பாஸ்பேட்டைத் துப்பும். அதில் ஒரு மருந்தை ஊற்றினால் குழாய் நீலமாகும். நன்றாக வேலை செய்தால் மை நீலம். சோம்பினால் வெளிர் நீலம். செத்திருந்தால் தண்ணீர்.

அக்காவின் குழாய்கள் வருஷக்கணக்காக வெளிர் நீலம்தான். அதுவும் வாளி நிறைய நீரில் ஒரு சொட்டு நீலம் விட்ட மாதிரி. தலைவர் முயல்மேல் சந்தேகப்பட்டார். முயல் கொடுத்தவர்மேல் சந்தேகப்பட்டார். தண்ணீர்மேல், மின்சாரத்தின்மேல், முந்தைய தலைவர்மேல் சந்தேகப்பட்டார். அக்காவின்மேல் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு சுத்தமான மனுஷி. "மிகத் தூய்மையான, ஆனால் இயல்பிலேயே மந்தமான நொதி" என்று தலைவர் கட்டுரைகள் எழுதினார். முயல் தரப்பில் மறுப்பு எதுவும் வரவில்லை.

அந்த ஆய்வகத்துக்குத்தான் சாவகாசம் வந்து சேர்ந்தான். அதுவும் வைத்த பெயர் இல்லை. எதைச் சொன்னாலும் "அதுக்கென்னக்கா, சாவகாசமா பண்ணிக்கலாம்" என்பான். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் நீட்டித்தால்தான் உண்டு. அவனுடைய மாமனார் குளியலறை ஓடு விற்பவர். மருமகனுக்கு என்றைக்கு வேலை போகும் என்று கடையில் தனக்குப் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலியை வாங்கிப் போட்டுக் காத்திருந்தார். விலை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத நாற்காலி. சாவகாசத்துக்குக் கெட்ட கனவு வந்தால் அதில் அந்த நாற்காலி மெல்லச் சுழலும்.

சாவகாசம் தனியாகச் செய்த முதல் பரீட்சையில் குழாய் மை நீலம் ஆனது. இரண்டாவதும் மை நீலம். ஊற்றிப் பேனாவில் நிரப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இது எப்படி வந்துச்சு?"

"வந்துடுச்சுக்கா."

"வந்துடுச்சுன்னா? பஸ்ஸா வர்றதுக்கு?"

"நீங்க சொன்ன மாதிரிதான்கா பண்ணேன்."

"நான் சொன்ன மாதிரி நான் பண்ணாலே எனக்கு இப்படி வராது."

இந்தப் பரீட்சையில் ஏமாற்றுவது சுலபம். ஒரு சொட்டு பாஸ்பேட்டை விட்டால் நொதியே இல்லாத குழாயும் நீலமாகும். நொதி துப்பியதா, ஆள் ஊற்றியதா என்று நீலத்துக்குத் தெரியாது. அக்கா நேராகத் தலைவர் அறைக்குப் போய், "பையன் பாஸ்பேட் ஊத்தறான்னு நெனைக்கிறேன் சார்" என்றார். நினைத்ததை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

தலைவருக்கு இது வசதியாகப் போயிற்று. அவன் நீலம் உண்மை என்றால் அவருடைய கட்டுரைகள் எல்லாம் பொய். கட்டுரைகளுக்குப் பதவி உயர்வு வாங்கியாயிற்று. பையனுக்கோ ஒப்பந்தம்தான். யாரைத் தியாகம் செய்வது என்று அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

ஒப்பந்தங்களைப் பார்க்கும் குழு அடுத்த திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும், அவன் எடுத்த அதே தசையில், அக்காவே தன் கையால் செய்து காட்டட்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். சாவகாசம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"கை வெளிய வராது சார். மூக்கு அரிச்சா யாராவது சொறிஞ்சு விடுங்க" என்றான்.

அக்கா செய்தார். பார்த்தவர்கள் சொன்னார்கள், கோயில் சிலைக்குக்கூட அப்படி ஒரு குளியல் கிடைக்காது என்று. ஒன்று, இரண்டு, மூன்று கழுவல். மூன்றாவதில் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினார், நியாயம் தெளிவாகத் தெரியட்டும் என்று. தீனி கொடுத்தார். மருந்து ஊற்றினார். குழாய் தண்ணீர் மாதிரி நின்றது. வழக்கமான வெளிர் நீலம்கூட வரவில்லை.

"சரி, முடிஞ்சுது" என்று தலைவர் எழுந்து போனார். கூட்டம் கலைந்தது. சாவகாசம் மட்டும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒரு சொட்டுகூட நான் ஊத்தல."

"அப்ப நீலம் எங்கேருந்து வந்துச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன்கா ஒப்பந்தத்துல இருக்கேன்?"

அக்காவுக்கு முதல் தடவையாக ஏதோ உறுத்தியது. பொய் சொல்பவர்கள் இன்னும் நல்ல பதிலாக வைத்திருப்பார்கள்.

"எத்தன தடவ கழுவின?"

"கழுவினேன்கா."

"எத்தனன்னு கேட்டேன்."

"ஒரு தடவ கழுவினேன். ரெண்டாவதுக்கு எடுத்து வச்சேன். அதுக்குள்ள டீக்குக் கூப்பிட்டாங்க. வந்து பார்த்தா நேரமாயிடுச்சு. அதுக்கென்ன, சாவகாசமா..."

"மூணு போட்டிருக்கேன்ல?"

"மூணு தடவையும் ஒரே தண்ணிதானேக்கா, ஒண்ணே போதும்னு..."

அக்கா அவனை என்ன சொல்லித் திட்டினார் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. சுருக்கமாக, அவன் குளிப்பதிலும் இதே கணக்கா என்று கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குளிர் காலத்துலயாக்கா?" என்றான்.

இங்கே வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். பையன் ஏமாற்றவில்லை, அழுக்காக வைத்திருக்கிறான். எப்படியும் தப்பு தப்புதான். ஆனால் அக்காவுக்கு ஒரு கறையைப் பார்த்தால் அது எதனால் வந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. நீலம் ஒரு கறை. அது எங்கிருந்து வந்தது?

முதலில் அவர் சந்தேகப்பட்டது அழுக்கைத்தான். சரியாகக் கழுவாததால் வேறு ஏதோ ஒரு நொதி ஒட்டிக்கொண்டு, அது தீனியைத் தின்று நீலம் காட்டுகிறது என்று நினைத்தார். சாவகாசத்தின் மிச்ச நொதி பனிக்கட்டியில் இருந்தது. அதிலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் நின்றுபோனது. மறுபடி கால்சியம் கொடுத்தார். நீலம் வந்தது. கால்சியம் இருந்தால்தான் வேலை செய்வேன் என்று அடம் பிடிப்பது அந்தப் பம்ப் மட்டும்தான். ஆக, வேலை செய்தது வேறு யாரும் இல்லை. வருஷக்கணக்காக இவர் கையில் செத்துச் செத்து விழுந்த அதே நொதி, சோம்பேறி கையில் பம்பரமாகச் சுற்றியிருக்கிறது.

அடுத்த நாள் புதிதாகத் தசை எடுத்து, ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துப் பரீட்சை செய்தார். ஒரு கழுவல்: மை நீலம். இரண்டு: ஏதோ நீலம். மூன்று: தண்ணீர் என்றே சொல்லலாம். குழாய்களை வரிசையாக நிறுத்திவிட்டு அக்கா அவற்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று குழாய்களும் அவரைப் பார்த்து விரலை நீட்டின மாதிரி இருந்தது.

கழுவிய நீரில் என்ன போனது என்று பார்த்தார். முதல் கழுவலில் ஏகப்பட்ட கண்டதும் கழியதும். மூன்றாவதில் வேறு ஒன்றுமே இல்லை, கொழுப்பு மட்டும். கடைசிவரை நொதியை விடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த கொழுப்பு.

விஷயம் இதுதான். கிழங்கைச் சுற்றி ஒரு வரிசைத் தீக்குச்சிகள் ஒட்டி நிற்கின்றன. சும்மா நிற்கவில்லை. பம்ப் ஒவ்வொரு தடவை கால்சியத்தை வாரும்போதும் உடம்பை முறுக்கி, சாய்ந்து, நிமிர்கிறது. அது சாயும்போது இடம் விட்டு, நிமிரும்போது முதுகைத் தாங்கி, இடுப்பளவைச் சரியாகப் பிடித்துக்கொள்வது அந்தக் கொழுப்புதான். அதை உருவிவிட்டால் நொதி உடையாது. ஓர் அணுகூடக் குறையாது. சுத்தமாக, முழுசாக, அழகாக இருக்கும். வேலை மட்டும் செய்யாது. ஓய்வுபெற்ற அதிகாரி மாதிரி.

"நாந்தான் கொன்னிருக்கேன்" என்றார் அக்கா, காலியான ஆய்வகத்தைப் பார்த்து. அவருக்கு இதைச் சொல்லக் கஷ்டமாக இல்லை. உண்மைதானே. இனி அதை நிரூபிக்க வேண்டும்: உருவிய கொழுப்பைத் திருப்பிக் கொடுத்தால் நொதி எழுந்து உட்கார வேண்டும். திங்கட்கிழமைக்குள்.

உறைபெட்டியில் விலை உயர்ந்த கொழுப்பு ஒரு புட்டி இருந்தது. செயற்கையாகச் செய்தது, தூய்மை நூற்றுக்கு நூறு, ஒவ்வொரு மூலக்கூறும் மற்றதன் நகல். அக்கா ஆசையோடு எடுத்துக் கலந்தார். தண்ணீர். மறுபடி கலந்தார். தண்ணீர். அந்தக் கொழுப்பின் வால்கள் எல்லாம் வளைவே இல்லாத நேர் வால்கள். அணிவகுப்பு மாதிரி நெருங்கி நின்று, ஆய்வகத்தின் சாதாரணச் சூட்டிலேயே மெழுகாக இறுகிவிடும். இறுகிய மெழுகுக்குள் நொதி எங்கே சாய்வது, எங்கே நிமிர்வது? கொழுப்பு இருந்தால் போதாது, அது நெளிய வேண்டும். வாலில் கோணல் உள்ள, ஒன்றுக்கொன்று பொருந்தாத, பல தினுசு கலந்த கொழுப்பு வேண்டும். கடைக்கு எழுதிப் போட்டால் அடுத்த மாதம் வரும். அடுத்த மாதம் சாவகாசம் சுழல் நாற்காலியில் இருப்பான்.

அப்படிப்பட்ட கொழுப்பு உடனே எங்கே கிடைக்கும்? ஞாயிறு காலை அக்கா தன் வீட்டுச் சமையலறையில், முட்டைத் தட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மா, முட்டைய எங்க தூக்கிட்டுப் போற?" என்றாள் மகள். கல்லூரிக்குப் போகிற பெண். வீட்டில் அம்மாவை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள்.

"ஆய்வகத்துக்கு."

"சாப்பாட்டுப் பொருள் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்களாமே, யாரோ ஒரு அம்மா."

"மஞ்சக்கரு மட்டுந்தான் வேணும்."

"அப்ப வெள்ளக்கரு மட்டும் போர்டுக்குக் கட்டுப்படுமா?"

கணவர் வெறும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "எனக்கு ஒரு முட்டையாவது விட்டுட்டுப் போ."

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல?"

"எனக்கு ஜாஸ்தி. அதக் கொண்டுபோய் முயலுக்குக் குடுக்கப் போறியா?"

"முயலுக்கு இல்ல. அதோட பம்புக்கு."

"வீட்டுத் தண்ணி பம்ப் ஒரு வாரமா ஓடல" என்றார் அவர். "அதுக்கும் ரெண்டு மஞ்சக்கரு போட்டுப் பாரேன்."

அக்கா வழியெல்லாம் முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு போனார். கதவில் தொங்கும் தன் பலகையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். பலகை ஒன்றும் சொல்லவில்லை. அதில்தான் எழுத்தே அழிந்துபோயிருந்ததே.

மஞ்சள் கருவிலிருந்து கரைப்பான் ஊற்றிக் கொழுப்பைப் பிரித்து, அதை உலர்த்தி, நீரில் கலக்கிப் பால் மாதிரி ஆக்கினார். வாழ்நாளில் அவர் தொட்டதிலேயே அசிங்கமான திரவம் அது. என்னென்ன கொழுப்பு, எத்தனை தினுசு, யாருக்குத் தெரியும்? மூன்று தடவை கழுவி வைத்திருந்ததில் ஊற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. ரொம்ப நேரம் அம்மணமாக நின்ற நொதி குளிரில் விறைத்துச் செத்தே போயிருந்தது. இனிப் போர்வை போட்டுப் பயனில்லை. இரண்டு தடவை கழுவியதில் ஊற்றினார். அது பாதி உயிரில் இருந்தது. தீனி கொடுத்து, மருந்து ஊற்றி, குழாயைத் தூக்கிப் பிடித்தார்.

மை நீலம்.

அக்கா அதைத் தாங்கியில் வைத்தார். பிறகு, பழக்க தோஷம், கையைக் கழுவப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்தவர், திறந்த குழாயைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றுவிட்டு மூடினார்.

திங்கள் காலை தலைவர் எல்லாவற்றையும் கேட்டார். குழாய்களைப் பார்த்தார். "அப்ப நம்ம பழைய கட்டுரைங்க?"

"எல்லாம் செத்த நொதி சார்."

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர்தான் இருக்கிறது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. "நான் அப்பவே நெனச்சேன், கொழுப்புலதான் ஏதோ இருக்குன்னு. இத உடனே எழுதணும்." மனிதனின் முதுகெலும்பும் இப்படித்தான் போலிருக்கிறது, சுற்றியிருப்பதைப் பொறுத்து வளையும்.

"அப்ப பையன்மேல தப்பில்லன்னு சொல்லிடுங்க சார்."

"ஏமாத்தலன்னு சொல்லிடலாம். அது சரி. ஆனா செய்முறைய மீறியிருக்கானே? குழு கேட்டா என்ன சொல்றது? ஏமாத்தினாலும் நீட்டிப்பு கிடையாது. அலட்சியம்னாலும் கிடையாது. யோசிச்சு, வேணும்னே மாத்திப் பார்த்தான்னா மட்டும்தான் அது ஆராய்ச்சி."

"அவன் டீக்குப் போனான் சார்."

"அத அங்க சொல்லாதீங்க."

"கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறந்த தன் பேரனைப் பற்றி இவர் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள். மூன்றாவது ஒரு வெள்ளை முடி அம்மாள், பென்சிலைச் சீவிச் சீவி முள்ளாக வைத்திருந்தார். தலைவர் பேசினார்: கொழுப்பு, கண்டுபிடிப்பு, தம் தொலைநோக்கு. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பென்சிலைச் சாவகாசத்தின் பக்கம் நீட்டினார்.

"தம்பி, எல்லாரும் மூணு தடவ கழுவறாங்க. நீங்க ஒரு தடவையோட நிறுத்தியிருக்கீங்க. ஏன்?"

சாவகாசம் தொண்டையைச் செருமினான். ஒருநாளும் அவசரப்படாத பையன் இன்றைக்கு அவசரப்பட்டான்.

"அதாவது மேடம், எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம். இந்தக் கொழுப்பு சும்மா நிக்கல, நொதியோட வேலையில அதுக்கும் பங்கு இருக்குமோன்னு. அதான் திட்டம் போட்டு, வேணும்னே நிறுத்தினேன்."

அக்காவின் காது சிவந்தது. உண்மையைச் சொன்னபோது இவனைப் பொய்யன் என்று புகார் கொடுத்தாயிற்று. இப்போது இவன் பச்சையாகப் புளுகுகிறான், புகார் கொடுக்க வழியில்லை. அந்த அம்மாளின் பென்சில் மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்து நின்றது.

"நீங்கதானே செய்முறைக்குப் பொறுப்பு? இவர் சொல்றது நெஜமா? யோசிச்சுத்தான் கழுவாம விட்டாரா?"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். சாவகாசத்தின் முகத்தில் எங்கேயோ ஒரு சுழல் நாற்காலி சுழன்றது. அக்கா வாயைத் திறந்தார். டீ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுத்தமான, கலப்படமே இல்லாத, நூற்றுக்கு நூறு உண்மை. சொன்னால் பையன் திங்கட்கிழமை மாலைக்குள் ஓடு விற்பான்.

"ஆமா" என்றார் அக்கா. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ரொம்ப... யோசிச்சுத்தான் விட்டாரு."

"உங்ககிட்ட முன்னாடியே சொன்னாரா?"

"கழுவறதப் பத்தி அவருக்கு எப்பவுமே ஒரு தனிக் கொள்கை உண்டு மேடம்." இது பொய்யில் சேராது என்று தோன்றியதும் அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பென்சில் ஏதோ எழுதியது. மற்ற இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நீட்டிப்பு கிடைத்தது.

வெளியே தாழ்வாரத்தில் சாவகாசம் பின்னாலேயே ஓடி வந்தான். "அக்கா! எப்படிக்கா உங்களுக்கு அது வாயில வந்துச்சு?"

"பேசாத. வாயே ஒரு மாதிரி வழவழன்னு இருக்கு."

"போகப் போகப் பழகிடும்கா."

"நாளைக்கு உன் மேசமேல இருக்கற குடுவ எல்லாத்தையும் கழுவி வை. மூணு தடவ."

"வச்சுடறேன்கா" என்றான். "சாவகாசமா."

அக்கா ஆய்வகத்துக்குள் போய்ச் செய்முறைத் தாளை எடுத்தார். மூன்று கழுவல் என்பதை அடித்து ஒன்று என்று எழுதினார். அதன் கீழே, இதற்குமேல் கழுவக் கூடாது என்றும் எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு அவர் அங்கே நின்ற நேரத்தில் சாவகாசம் டீ குடித்துவிட்டே வந்துவிட்டான். எட்டிப் பார்த்தான். தாளில் அந்த வரி இருந்தது. கை பட்டு அழுக்காகிவிட்டதோ என்று அக்கா அந்தத் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.